மடிப்பக்காவின் கணக்குப் பரீட்சை

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டிய அறையில் அவளுக்கு வேலை. வெளுத்துச் சூடாக வண்டியில் வந்து இறங்கும் துணிகளை மடித்து, வார்டு வாரியாக அடுக்கி அனுப்ப வேண்டும். ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி இழுத்தால்தான் சுருக்கம் விடும். அவளோ ஒரு முனையை மோவாய்க்கு அடியில் இடுக்கிக்கொண்டு தனி ஆளாகவே மடித்துப் போட்டுவிடுவாள். மூலைக்கு மூலை பிசகாது. அதனால் மடிப்பக்கா என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில், கேட்காததற்குச் சிரிப்பு. மடிப்பக்கா வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஒரு வார்டுக்கே துணி அடுக்கிவிடலாம் என்று கூட இருந்தவர்கள் கேலி பேசுவார்கள். அதற்கும் சிரிப்பாள்.

துணி அறைக்கு மேற்பார்வை பார்த்த அம்மாள் ஓய்வு பெறும் காலம் வந்தபோது, தனக்குப் பிறகு இவள்தான் என்று அவர் மேலிடத்தில் சொல்லிவைத்தார். மேலிடத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறாளா? ஒன்பதாவதோடு நின்றவள் என்று தெரிந்ததும் எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டு அதை மறந்தார்கள். அவள் மறக்கவில்லை. நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயதில், ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்காக நடந்த மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற அறை அது. பெஞ்சுகள் தாழ்வு, உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். சுவரெல்லாம் மஞ்சள் காகிதத்தில் வெட்டி ஒட்டிய சூரியன்கள், வட்டமாக வராத சூரியன்கள். அங்கே ஒரு காவலாளி, பேரன் எடுத்துவிட்ட ஒரு பெண்மணி, ஒரு முடிதிருத்துகிறவர், இன்னும் சிலர் படித்தார்கள். "முப்பது வருஷம் மத்தவங்க தலையில கை வெச்சேன், இப்போ கணக்கு என் தலையில கை வெக்குது" என்று முடிதிருத்துகிறவர் சொல்ல, வகுப்பே சிரிக்கும். கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் அவர்கள் எல்லோரையும்விடச் சின்னவள். கல்லூரி முடித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. மாணவர்களை அண்ணா, அக்கா என்றுதான் அழைப்பாள்.

மற்ற பாடங்கள் மடிப்பக்காவுக்கு வசப்பட்டன. கணக்குதான் பிடி கொடுக்கவில்லை. புரியாமல் இல்லை. கரும்பலகையில் போடும்போது, அடுத்த வரி என்ன வரும் என்று டீச்சருக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். தாளில் தானே போட வேண்டிய நேரத்தில்தான் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும்.

ஒரு நாள் வகுப்பிலேயே சின்னதாக ஒரு தேர்வு வைத்தாள் டீச்சர். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தவாறே ஒவ்வொருவர் தாளையும் பார்த்துக்கொண்டு வந்தவள், மடிப்பக்காவுக்குப் பின்னால் வந்து நின்று, எட்டிப் பார்க்கக் குனிந்தாள். அவ்வளவுதான். மடிப்பக்காவின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. இடது கை தானாக மேலே எழுந்து உச்சந்தலையைப் பொத்திக்கொண்டது. தோள்கள் காதுவரை ஏறின. அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். முடிதிருத்துகிறவர் குனிந்து பென்சிலை எடுத்து அவள் மேசையில் வைத்தார்.

கையை இறக்கிய பிறகு அவள், "தலை அரிச்சுது டீச்சர்" என்றாள்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு டீச்சர் முன்னால் போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு மறுபடி பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கவில்லை.

வகுப்பு முடிந்து இருவரும் ஒரே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றார்கள். என்ன ஆச்சு, யார் அடிச்சாங்க என்றெல்லாம் டீச்சர் தோண்டித் துருவவில்லை. "அக்கா, இனிமே நான் உங்களுக்குப் பின்னாடி நிக்க மாட்டேன். கிட்ட வரணும்னா முன்னாலயே சொல்லிட்டு வரேன். சரியா?" என்றாள்.

மடிப்பக்கா தலையை ஆட்டினாள். பஸ் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அந்தச் 'சரியா' தான் அவளை அழவைத்தது. பிறந்ததிலிருந்து கிட்ட வருவதற்கு யாரும் அவளிடம் சம்மதம் கேட்டதில்லை.

சில வாரங்கள் கழித்து, அதே நிறுத்தத்தில் நின்றுகொண்டு, அவளாகவே சொன்னாள். ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு துண்டாகச் சொன்னாள்.

அவளுடைய அப்பா சரக்குக் கிடங்கில் கணக்கர். வெளியே பசு, வீட்டுக்குள் புலி. வழியில் யாராவது மூட்டை தூக்க முடியாமல் நின்றால் ஓடிப்போய்க் கை கொடுப்பார். அக்கம்பக்கத்தில் அவரைப் போல நல்லவர் கிடையாது என்பார்கள். சாயங்காலம் வேலைவிட்டு வந்து முகம் கழுவியதும் மகளையும் மகனையும் மேசை முன்னால் உட்காரவைத்துக் கணக்குக் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்பார். தப்பு வந்தால் விரல்முட்டியால் உச்சந்தலையில் ஒரு குட்டு. மறுபடி தப்பு வந்தால் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதுவார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த பழமொழி. அடியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அடி எப்போது விழும் என்று காத்திருப்பதைத்தான் தாங்க முடியாது. பிடரியில் அவருடைய மூச்சு படும். எழுதுவது சரியா தப்பா என்பதை அந்த மூச்சின் சூட்டை வைத்துத்தான் அவள் கண்டுபிடிப்பாள்.

அந்த நேரத்தில் அம்மா அடுக்களையில் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். கழுவ ஒன்றும் இல்லாவிட்டாலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு முறை பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை அவளுடைய வீங்கிய புருவத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். விழுந்துவிட்டேன் என்றாள். ஆசிரியை நம்பவில்லை, நல்ல எண்ணத்தோடு அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அப்பா கண் கலங்கப் பேசி, ஆசிரியையையும் கண்கலங்க வைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் நடந்ததை மடிப்பக்கா டீச்சரிடம் சொல்லவில்லை. "அப்புறம் நான் ஸ்கூல்ல யாருகிட்டயும் வாயத் திறக்கல" என்று மட்டும் சொன்னாள்.

தம்பிக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு நாள், அக்காவுக்கு விழவிருந்த அடிக்கு நடுவில் வந்து விழுந்தான். அப்பா அவனைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். காறை எலும்பு முறிந்தது. மாடிப்படியில் உருண்டுவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் அப்பாவே சொன்னார். பக்கத்திலேயே நின்ற அம்மா ஆமாம் என்றாள். கட்டுப் பிரித்த மறுவாரம் தம்பி பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பல மாதம் கழித்து எங்கிருந்தோ பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பேசினான். லாரியில் கிளீனராக இருக்கிறேன், சாப்பாடு கிடைக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடு. அந்த வருஷம்தான் அவளும் படிப்பை நிறுத்தினாள். பின்னாளில் அவளுக்கு வரன் பார்க்கலாம் என்ற பேச்சு வந்தபோது, ஒரு வீட்டில் பட்டதே போதும் என்று மறுத்துவிட்டாள். அம்மா ஏதோ ஒரு நோயில் படுத்து, எதையும் பேசாமலேயே கண்ணை மூடினாள்.

"இப்போ உங்கப்பா?" என்று கேட்டாள் டீச்சர்.

"என்கூடத்தான் இருக்காரு. நான்தான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு அவர்கள் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

அப்பாவுக்கு ஆறு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது. பேச்சும் போனது. அடித்த கை அது. இப்போது மடியில் கிடக்கும், கழற்றிப் போட்ட கையுறை மாதிரி. அவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், வேலைக்குப் போகும் நேரத்தில் எதிர்வீட்டு ஆளைக் கெஞ்சி எட்டிப் பார்க்கச் சொன்னாள். மகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊர் மெச்சியது. அதைக் கேட்கும்போது அவளுக்குள் ஒன்றும் அசையாது. பாசம் என்றும் சொல்ல முடியாது, கடமை என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில், வயதான பிறகாவது இவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார், தப்புப் பண்ணிட்டேன்மா என்பார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். கேட்கிற வயது வந்தபோது கேட்க வாய் இல்லாமல் போய்விட்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகு டீச்சர் வகுப்பை மெல்ல மெல்ல மாற்றினாள். அக்கா பேரைச் சொல்லாமல், எல்லோரும் அவரவருக்குப் பிடித்த இடத்தில் உட்காரலாம் என்று அறிவித்தாள். மடிப்பக்கா கடைசிப் பெஞ்சில், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். இதற்கப்புறம் டீச்சர் தாளைப் பார்க்க வேண்டுமென்றால் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எல்லோர் தாளையும் அப்படித்தான். தப்பான விடைக்கும் 'இது எப்படி வந்துச்சு, சொல்லுங்க பாக்கலாம்' என்பாள். மூன்று மாதத்தில் மடிப்பக்கா கணக்குப் போட ஆரம்பித்தாள். ஒரு தாள் முழுக்கத் தப்பில்லாமல் போட்ட அன்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சருக்கும் சறுக்கியது. வகுப்பில் சத்தம் அதிகமான ஒரு நாள், அடக்குவதற்காக மரச்சட்டத்தால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். யார்மீதும் கோபமில்லை. ஆனால் மடிப்பக்கா எழுந்து, பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள். அதற்கப்புறம் வரவில்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீச்சர் பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனாள். ஒரு அறை, ஒரு அடுக்களை. கதவைத் திறந்த மடிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "தட்டுனது என் தப்புக்கா. இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் டீச்சர். பெரியவர்கள் அப்படிச் சொல்லி மடிப்பக்கா கேட்டதில்லை. டீச்சர் வயதில் சின்னவள்தான், இருந்தாலும்.

பேசிக்கொண்டிருக்கும்போது டீச்சரின் கண் அறையைச் சுற்றியது. ஜன்னலோரம் படிக்கிற மேசை. அதற்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், கட்டில். கட்டிலில் தலையணையை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்த கிழவர், இமைக்காமல் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்கேயா உக்காந்து படிக்கறீங்க?"

"உக்காருவேன். அப்புறம் அடுக்களைக்குப் போய் நின்னுக்கிட்டே படிப்பேன்."

ஏன் என்று அவளுக்கே அதுவரை புரிந்திருக்கவில்லை. டீச்சர் முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது.

இருவருமாகச் சேர்ந்து கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினார்கள். அப்பாவோடு சேர்த்தே தள்ளினார்கள். மேசையை எதிர்ச் சுவரோரம் போட்டு, சுவருக்கும் மேசைக்கும் நடுவே நாற்காலியைப் போட்டார்கள். இப்போது அப்பா அவளுக்கு எதிரே இருந்தார். அன்று சாயங்காலம் அவரைப் பார்த்துக்கொண்டே முதல் கணக்கைப் போட்டாள். அவருடைய வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்தே அந்தக் கண் எப்போதும் வழியும். ஆகவே அவர் அழுகிறாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்த் துடைத்துவிட்டு வந்து அடுத்த கணக்கைப் போட்டாள்.

பரீட்சை வந்தது. தேர்வு மையத்துக்கு டீச்சர் முன்னதாகவே நேரில் போய், இந்த அம்மாவைக் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காரவையுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். தலைமைக் கண்காணிப்பாளர் சரி என்றார். ஆனால் அந்த அறைக்கு வந்த கண்காணிப்பாளரிடம் அதை யாரும் சொல்லவில்லை. கண்டிப்பான மனிதர், கெட்டவர் இல்லை. எண் வரிசைப்படி இரண்டாவது பெஞ்சுக்கு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எழுந்து நின்று சொல்லலாம் என்று அவள் நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கணக்குத் தாள் எழுதும்போது அவர் நடந்துகொண்டே இருந்தார். ஒரு தடவை அவள் பின்னால் நின்றார். செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் எவ்வளவு நேரம் நின்றார் என்று அவளுக்குத் தெரியாது. மணி அடித்தபோது தாளில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது.

மற்ற எல்லாப் பாடத்திலும் தேறினாள். கணக்கில் தவறினாள். மேற்பார்வை வேலை வெளியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. புதியவள் நல்லவள்தான், எதைக் கேட்க வேண்டுமென்றாலும் மடிப்பக்காவிடம்தான் வந்து கேட்பாள். மடிப்பக்கா சொல்லிக்கொடுப்பாள்.

டீச்சர்தான் உடைந்துபோனாள். பஸ் நிறுத்தத்தில் நின்று, நான் அந்த அறைவரைக்கும் வந்திருக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மடிப்பக்கா அவள் தோளில் கை வைத்தாள். "விடுங்க டீச்சர். நான் எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அடுத்த தடவை சொல்றேன்."

அந்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். காலையில் காப்பி ஆற்றிக்கொண்டு போனபோது மூச்சு இல்லை. அவள் அழவில்லை. அவருடைய படுக்கை விரிப்பை எடுத்து வழக்கம்போல மோவாயில் இடுக்கி மடித்தாள். பாதியில் கை நின்றது. மடித்து யாருக்கு என்று தோன்றியது. அப்போதுதான் அழுகை வந்தது. செத்துப்போன அப்பாவுக்காகவா, அந்த ஒரு வார்த்தை இனி வரவே வராது என்பதற்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியாத அழுகை.

எப்போதாவது போனில் மட்டும் பேசுகிற தம்பிக்குச் செய்தி சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான். இருபத்தைந்து வருஷம் கழித்துப் பார்க்கிறாள்: தொப்பை விழுந்த, காதோரம் நரைத்த லாரி டிரைவர். பதின்மூன்று வயதுப் பையனைத்தான் அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். அவனை இந்த ஆளுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டான். காலியான கட்டிலைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பி உட்கார்ந்தான்.

"அந்த ஆளுக்கு எப்படிக்கா உன்னால சோறு ஊட்ட முடிஞ்சுது?"

"தெரியலடா. பசிக்குதுன்னு வாயைத் திறப்பாரு. ஊட்டுவேன்."

"எனக்கு ஆத்திரம் உன்மேலதான். நீ பாத்துக்கலேன்னா வலின்னா என்னன்னு அந்த ஆளும் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டிருப்பான்."

அவள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான். அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் நாலு மாதமாகிறது. மகளுக்கு எட்டு வயது. படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள் என்று ஒரு நாள் பெல்ட்டை எடுத்திருக்கிறான். ஒரு நாள் இல்லை, அதற்கு முன்னாலும். "நான் வீட்டுக்குள்ள வந்தா பேச்சை நிறுத்திடுவா அக்கா. டி.வி. சத்தத்தைக்கூடக் குறைச்சிடுவா." தட்டைத் தள்ளிவைத்தான். "எனக்கு அந்த ஆள் மூஞ்சிதான் கண்ணாடியில தெரியுது."

அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஆறுதல் சொல்லவும் வரவில்லை. தனக்காகக் குறுக்கே விழுந்தவன் அவன். அவனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் குறுக்கே விழ அங்கே யாரும் இருந்ததில்லை.

கடைசியில், "அவ ஸ்கூல்ல அவ டீச்சர் யாரு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"போய்த் தெரிஞ்சுக்கோ. அடிச்சேன்னு உன் வாயால சொல்லு. படிப்புல பின்தங்கினா திட்டாதீங்க, அவ மேல தப்பில்லன்னு சொல்லு. நம்ம அப்பா பண்ணின மாதிரி கண்ணக் கசக்கிக்கிட்டுப் பேசிட்டு வந்துடாத. அவ உன்கிட்ட வரணும்னு கேக்காத. அவளே சொல்ற வரைக்கும் வீட்டுக்குக் கூப்பிடாத."

அவ்வளவு பேச்சு அவள் ஒரே மூச்சில் பேசி யாரும் கேட்டதில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டே ஆட்டினான். மறுநாள் காலையில் புறப்பட்டுப் போனான். செய்வான் என்று அவள் முழுசாக நம்பவில்லை.

அடுத்த பரீட்சைக்குப் போனபோது, தனக்குச் சுவரோர இடம் வேண்டும் என்று அவளே எழுந்து நின்று கேட்டாள். கொடுத்தார்கள். கணக்கில் தேறினாள். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. முடிதிருத்துகிறவர் அவளைவிட அதிகம் வாங்கியிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். துணி அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். வேலை அதே வேலைதான். டீச்சர் மட்டும் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கலாமா என்று கேட்டுவிட்டு.

அதற்குச் சில வாரம் கழித்து, தம்பி மனைவி போனில் பேசினாள். இதுவரை இருவரும் பேசிக்கொண்டதில்லை. அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாராம். பிள்ளையின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். இப்போது பிள்ளையை வாரம் ஒரு முறை தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள். நான் திரும்பிப் போகப்போவதில்லை அண்ணி, அதைக் கேட்காதீர்கள் என்றாள். கேட்க மாட்டேன் என்றாள் மடிப்பக்கா. பிள்ளையிடம் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள் என்று தம்பி மனைவியே சொன்னாள்.

ஞாயிறுதோறும் பேசுகிறார்கள். முதலில் சில வாரம் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. மடிப்பக்காவும் அவசரப்படவில்லை, ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குப் போகும் விரிப்புகளில் என்னென்ன படம் போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தப் பிள்ளை யானைப் படம் உண்டா அத்தை என்று கேட்டாள். உண்டு என்றாள். தன் அப்பாவைப் பற்றி மட்டும் அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.